உள்ளடக்கிய கல்வியில் தலைமையாசிரியரின் வேலை என்ன?

மாற்றுத்திறன் கொண்ட ஒரு குழந்தை ஊரிலுள்ள சாதாரணப் பள்ளியில் சேர்ந்திருக்கிறது என்றால், அதன் படிப்புக்கு யார் பொறுப்பு என்று அந்தப் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். “பி.ஆர்.சி.யிலிருந்து ஸ்பெஷல் டீச்சர் வருவாங்க, அவங்க பாத்துக்குவாங்க” என்ற விடைதான் பெரும்பாலும் கிடைக்கும். பி.ஆர்.சி. எனப்படும் வட்டார வள மையத்திலிருந்து வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ வந்துபோகும் சிறப்புப் பயிற்றுநரின் பணி மதிப்புமிக்கது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அவர் வராத நாள்களில் அந்தக் குழந்தை வகுப்பில் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு இந்த விடையில் இடமே இல்லை. அன்றாடம் கற்பிக்கும் பொறுப்பு வகுப்பாசிரியருடையது. அவர் அதைச் செய்வதற்கு வேண்டிய நேரம், இடம், துணை, துணிவு ஆகியவற்றை ஏற்படுத்தித் தரும் பொறுப்பு தலைமையாசிரியருடையது. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளும் மற்ற பிள்ளைகளோடு ஒரே பள்ளியில், ஒரே வகுப்பில் கற்பதே உள்ளடக்கிய கல்வி. இந்த இரண்டாவது பொறுப்பைத்தான் கல்வியியலில் உள்ளடக்கிய கல்விக்கான பள்ளித் தலைமை என்கிறார்கள். அதன் அடிப்படைகளை, சேலம் மாவட்டத்துப் பள்ளிகளின் சூழலை முன்வைத்து, இத்துறைக்குப் புதியவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

சிறப்புக் கல்வித் தேவை யாருக்கு?

ஒரு காலத்தில் மருத்துவர் எந்தக் குறைபாட்டின் பெயரை எழுதிக் கொடுக்கிறாரோ அதை வைத்தே குழந்தை எந்தப் பள்ளியில் படிக்க வேண்டும் என்று முடிவுசெய்தார்கள். இங்கிலாந்தில் மேரி வார்னாக் தலைமையிலான குழு 1978ஆம் ஆண்டு அளித்த அறிக்கை இந்தப் பார்வையை மாற்றியது. குழந்தைக்கு என்ன குறைபாடு என்று கேட்பதைக் காட்டிலும், கற்பதற்கு அதற்கு என்ன உதவி தேவை என்று கேட்பதே பள்ளிக்குப் பயன்படும் என்று அக்குழு வாதிட்டது. பள்ளிக் காலத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் ஐந்து குழந்தைகளில் ஒருவருக்கு இத்தகைய உதவி தேவைப்படலாம் என்றும் அது மதிப்பிட்டது. 1994இல் ஸ்பெயினின் சலமாங்கா நகரில் யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கலந்துகொண்டு, எல்லாக் குழந்தைகளையும் சாதாரணப் பள்ளிகளே ஏற்க வேண்டும் என்ற பிரகடனத்தை வெளியிட்டார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்புறுதி செய்தது.

இதில் தொடக்கநிலை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டியது ஒன்று: குறைபாடும் கல்வித் தேவையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. சக்கர நாற்காலியில் வரும் ஒரு மாணவி கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக இருக்கலாம். அவளுக்குச் சாய்தளமும் பயன்படுத்தத்தக்க கழிப்பறையும் கிடைத்துவிட்டால் பாடத்தில் தனி உதவி எதுவும் வேண்டியிருக்காது. எந்தச் சான்றிதழும் இல்லாத இன்னொரு மாணவன், நான்காம் வகுப்பு வந்த பின்னும் இரண்டு வரியைக் கூட்டிப் படிக்க முடியாமல் திணறலாம். அவனுக்குத்தான் கற்பித்தலில் கூடுதல் கவனம் தேவை.

சேலத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை போன்ற பகுதிகளில் வீட்டில் தெலுங்கு, சௌராஷ்டிரம், கன்னடம் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. வேலை தேடி வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் இப்போது நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். முதல் வகுப்பில் தமிழில் வாய் திறக்காத ஒரு குழந்தைக்குத் தமிழ் இன்னும் பழகாமல் இருக்கலாம். அதைக் குறைபாடு என்று பதிவேட்டில் ஏற்றுவது தவறு. அதே நேரத்தில், ‘வீட்டுல வேற பாஷை, போகப் போகச் சரியாயிடும்’ என்று சொல்லிச் சொல்லியே செவித்திறன் குறைபாட்டை மூன்று ஆண்டுகள் கவனிக்காமல் விடுவதும் நடக்கிறது. வீட்டு மொழியில் குழந்தை வயதுக்கேற்பப் பேசுகிறதா என்று தாயிடம் ஒருமுறை கேட்டாலே பாதித் தெளிவு கிடைத்துவிடும். இந்தக் கேள்வியைச் சேர்க்கை நேரத்திலேயே கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்துவதும் தலைமையாசிரியரின் வேலைதான்.

சட்டம் பள்ளியிடம் எதிர்பார்ப்பது

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றுக்கொண்டிருந்தது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. பிறரோடு பழகுவதையும் பேசுவதையும் பாதிக்கும் ஆட்டிசமும், வாசிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் டிஸ்லெக்சியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் இப்போது சட்டத்துக்குள் வந்துவிட்டன.

தலைமையாசிரியர் ஒருவர் இந்தச் சட்டத்தில் ஒரே ஒரு பிரிவைத்தான் படிக்க முடியும் என்றால், 16ஆம் பிரிவைப் படிக்கச் சொல்வேன். அரசு நடத்தும் பள்ளி, நிதியுதவி பெறும் பள்ளி, அரசின் அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளி ஆகிய எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். பாகுபாடின்றிச் சேர்ப்பது, கட்டடத்தையும் வளாகத்தையும் அணுகத்தக்கதாக்குவது, குழந்தையின் தேவைக்கேற்ற மாற்றங்களைச் செய்துகொடுப்பது, கற்றல் குறைபாட்டை முடிந்தவரை விரைவாகக் கண்டறிவது, ஒவ்வொரு மாணவரின் பங்கேற்பையும் முன்னேற்றத்தையும் கண்காணிப்பது, போக்குவரத்து வசதி ஏற்படுத்துவது ஆகியவை அதில் வருகின்றன. 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையைச் சொல்லும் 31ஆம் பிரிவு, குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள குழந்தைகளுக்கானது. 16ஆம் பிரிவில் அந்த 40 விழுக்காட்டு வரம்பு கிடையாது. ‘சர்ட்டிபிகேட்டில் 30 சதவீதம்தான் இருக்கிறது, அதனால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது’ என்று ஒரு பள்ளி சொன்னால், அது சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது என்றே பொருள்.

கற்றல் குறைபாட்டுச் சான்றிதழுக்கு இன்னொரு விதி உண்டு. 2018இல் வெளியான மதிப்பீட்டு வழிகாட்டுதலின்படி, எட்டு வயது நிறைந்த பிறகே அச்சான்றிதழை வழங்க முடியும்; பின்னர் 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு செய்ய வேண்டும். ஆகவே முதல் இரண்டு வகுப்புகளில் படிக்கும் எந்தக் குழந்தையிடமும் அந்தச் சான்றிதழ் இருக்க வாய்ப்பில்லை. காகிதம் வந்த பிறகுதான் உதவி என்று பள்ளி காத்திருந்தால், எழுத்தறிவுக்கு அடித்தளமிடும் ஆண்டுகள் முழுவதும் கைநழுவிப் போகும். சான்றிதழ் தேர்வுச் சலுகைக்கும் உதவித்தொகைக்கும் தேவை. வகுப்பில் ஒரு குழந்தையை முன்வரிசையில் உட்கார வைப்பதற்கும், அதற்குப் பெரிய எழுத்தில் அச்சிட்ட தாளைக் கொடுப்பதற்கும் யாருடைய கையெழுத்தும் தேவையில்லை.

தலைமை ஏன் இவ்வளவு முக்கியம்?

பள்ளித் தலைமை குறித்து நெடுங்காலம் ஆராய்ந்த கென்னத் லீத்வுட்டும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பீட்டில், மாணவர் கற்றலைத் தீர்மானிக்கும் பள்ளி சார்ந்த காரணிகளில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்த இடம் தலைமைக்கே என்று குறிப்பிட்டார்கள். தலைமையாசிரியர் நேரடியாகப் பாடம் நடத்திக் குழந்தையை உயர்த்துவதில்லை. ஆசிரியர்கள் எந்தச் சூழலில், எந்த எதிர்பார்ப்போடு வேலை செய்கிறார்கள் என்பதை அமைப்பதன் வழியாகவே அவருடைய செல்வாக்கு குழந்தையைப் போய்ச் சேர்கிறது.

சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளைப் பொறுத்தவரை இதற்குக் கூடுதல் அழுத்தம் தரும் ஆய்வு ஒன்று இங்கிலாந்தில் 2003 முதல் 2008 வரை நடந்தது. பீட்டர் பிளாட்ச்ஃபோர்டு தலைமையிலான அக்குழு, வகுப்பறை உதவியாளர்களின் துணையை அதிகமாகப் பெற்ற குழந்தைகள், அதே நிலையிலிருந்து குறைவான துணை பெற்ற குழந்தைகளைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்ததைக் கண்டது. கேட்பதற்கு முரணாக இருக்கும் இந்த முடிவுக்கு உதவியாளர்களின் அக்கறைக் குறைவு காரணமாகக் காட்டப்படவில்லை. உதவியாளர் அருகிலேயே இருந்ததால், பயிற்சி பெற்ற ஆசிரியர் அந்தக் குழந்தையிடம் பேசுவதும் கேள்வி கேட்பதும் குறைந்துபோயின. உதவியாளருக்கோ அன்றைய பாடம் என்ன என்பதே முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை. யாரை எங்கே எதற்காக நிறுத்துவது என்ற நிர்வாக முடிவில்தான் கோளாறு இருந்தது.

நம் பள்ளிகளில் இதே கோளாறு வேறு வடிவில் இருக்கிறது. சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளில் குழந்தையை வகுப்பிலிருந்து அழைத்துப் போய்த் தாழ்வாரத்தின் ஓர் ஓரத்தில் பாய் விரித்து, வண்ணக் கட்டைகளையும் படஅட்டைகளையும் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த நாற்பது நிமிடமும் வகுப்பில் தமிழ்ப் பாடம் நடந்துகொண்டிருக்கும். பயிற்றுநர் கையெழுத்திட்டுவிட்டு அடுத்த பள்ளிக்குப் பேருந்து பிடிப்பார். அவர் என்ன சொல்லிக் கொடுத்தார் என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியாது. வகுப்பாசிரியர் அடுத்த வாரம் என்ன நடத்தப்போகிறார் என்பது பயிற்றுநருக்கும் தெரியாது. இருவரும் கடமை தவறவில்லை. இருவரும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவதற்குக் கால அட்டவணையில் இடம் ஒதுக்கும் அதிகாரம் அந்தப் பள்ளியில் ஒருவரிடம் மட்டுமே இருக்கிறது, அவர் தலைமையாசிரியர். பயிற்றுநர் வரும் நாளில் வகுப்பாசிரியருக்கு ஒரு பாடவேளை ஓய்வாக அமையும்படி அட்டவணையை மாற்றுவதற்குச் செலவு ஏதுமில்லை. முடிந்தால் பயிற்றுநரை வகுப்புக்குள்ளேயே உட்கார வைத்து, நடக்கும் பாடத்தையே அந்தக் குழந்தைக்கு எளிமைப்படுத்தித் தரச் சொல்லலாம்.

சிறப்புப் பயிற்றுநர்களைக் குறைசொல்வது எளிது. அவர்களில் பெரும்பாலானோர் தொகுப்பூதியத்தில், பல பள்ளிகளுக்கு அலைந்து வேலை செய்பவர்கள். மூளை முடக்குவாதம் உள்ள எட்டு மாணவர்களுக்கு ஒருவர், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ள ஐந்து மாணவர்களுக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் கூறியது. நடைமுறை அதற்கு வெகுதூரம் பின்தங்கியிருக்கிறது. இருக்கும் சிறிது நேரத்தை வீணாக்காமல் பயன்படுத்துவது பள்ளியின் கையில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அம்மாபேட்டையில் ஒரு நான்காம் வகுப்பு

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். விசைத்தறிக் கூடங்கள் நெருங்கிய தெருவில் ஒரு நடுநிலைப் பள்ளி இருப்பதாகவும், அதன் நான்காம் வகுப்பில் இரண்டு காதுகளிலும் கேட்புக் கருவி அணிந்த ஒரு மாணவி படிப்பதாகவும் வைத்துக்கொள்வோம். மருத்துவ முகாமில் கருவி கொடுத்தாயிற்று, பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேடான எமிஸில் பெயர் ஏறியாயிற்று, கோப்பைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது.

வகுப்பறையில் நடப்பது வேறு. கேட்புக் கருவி ஆசிரியரின் குரலை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுப்பதில்லை. மின்விசிறியின் இரைச்சல், பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொல்வது, சன்னலுக்கு வெளியே ஓடும் தறியின் சத்தம் எல்லாவற்றையும் சேர்த்தே பெருக்கித் தரும். பேசுபவர் இரண்டு மீட்டர் தூரத்துக்கு அப்பால் போகப் போகக் குரலின் தெளிவு குறைந்துகொண்டே வரும். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசினால் உதட்டசைவும் தெரியாது. கருவியின் சிறிய பேட்டரி ஓரிரு வாரங்களில் தீர்ந்துவிடும். வாங்கிக் கொடுக்கக் கையில் பணம் இல்லாத வாரங்களில் மாணவி வெறும் பிளாஸ்டிக்கைக் காதில் மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பாள். எதைக் கேட்டாலும் அவள் தலையாட்டுவாள். தலையாட்டுவதைப் புரிந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் எல்லாரிடமும் இருக்கிறது.

இங்கே தலைமையாசிரியர் செய்யக்கூடியவை பலவும் மிகச் சாதாரணமானவை. அந்த வகுப்பைத் தெருவை ஒட்டிய அறையிலிருந்து உள்பக்க அறைக்கு மாற்றலாம். தினமும் காலையில் வருகைப் பதிவின்போது கருவி வேலை செய்கிறதா என்று ஆசிரியர் சோதிப்பதை வழக்கமாக்கலாம்: ஆசிரியர் தம் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்ற ஒலிகளைச் சொல்ல, மாணவி திருப்பிச் சொல்ல வேண்டும், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். நான்கைந்து பேட்டரிகளைத் தலைமையாசிரியர் அறை அலமாரியில் வாங்கி வைக்கலாம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் சொல்லும் அறிவிப்பை வகுப்புக்கு வந்ததும் பலகையில் எழுதிப் போடச் சொல்லலாம். இவற்றில் எதற்கும் சிறப்புக் கல்வியில் பட்டம் தேவையில்லை. எனினும் ஓர் ஆசிரியர் தாமாக முன்வந்து அறையை மாற்றிக்கொள்ள முடியாது; மாற்றினால் அடுத்த வகுப்பு ஆசிரியர் மனவருத்தம் கொள்வார். அந்த வருத்தத்தைத் தாம் ஏற்றுக்கொண்டு முடிவெடுப்பதற்குத்தான் தலைமை என்ற ஒன்று இருக்கிறது.

மலை ஏறினால்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்து, அங்கிருந்து நாகலூர், வெள்ளக்கடை பக்கம் போனால், உள்ளடக்கிய கல்வியின் கேள்விகள் வேறு விதமாக எழுகின்றன. நகரத்துப் பள்ளியில் சாய்தளம் கட்டுவது ஓரளவு எளிது. பரிந்துரைக்கப்படும் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று, அதாவது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். ஆறு அங்குல உயரமுள்ள மூன்று படிகள் இருந்தால் பதினெட்டு அடிச் சாய்தளம் போதும். (ஆறடி நீளத்தில் செங்குத்தாகக் கட்டிவிட்டுப் புகைப்படம் எடுத்து அனுப்பிய சாய்தளங்களும் உண்டு, அவற்றில் சக்கர நாற்காலி ஏறாது, பிள்ளைகள்தான் சறுக்கி விளையாடுவார்கள்.)

சேர்வராயன் மலைச் சரிவில் உள்ள பள்ளியில் வகுப்பறை ஒரு மட்டத்திலும், விளையாட்டுத் திடல் அதற்குக் கீழும், கழிப்பறை இன்னும் கீழும் இருக்கலாம். ஆறடி உயர வேறுபாட்டுக்கு எழுபத்திரண்டு அடிச் சாய்தளமும், இடையிடையே நின்று செல்லச் சமதளத் திட்டுகளும் வேண்டும். முப்பது மாணவர்கள் வரை உள்ள சிறிய பள்ளிக்கு, மத்திய, மாநில அரசுகளின் நிதியில் நடக்கும் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் ஆண்டுக்குக் கிடைக்கும் பள்ளி மானியம் 10,000 ரூபாய். நூறு மாணவர்கள் வரை இருந்தால் 25,000 ரூபாய். சுண்ணாம்பு, சாக்பீஸ், கழிப்பறைப் பராமரிப்பு எல்லாம் அதற்குள்தான். கட்டடத்துக்கான தனி நிதி வரும்வரை தலைமையாசிரியரிடம் இருப்பது ஒரே வழி: மூளை முடக்குவாதம் உள்ள மாணவன் படிக்கும் வகுப்பைக் கழிப்பறைக்குச் சமமட்டத்தில் உள்ள அறைக்கு இறக்குவது. அவன் ஐந்தாம் வகுப்புக்குப் போனால் ஐந்தாம் வகுப்பு அந்த அறைக்கு வர வேண்டும். மாணவன் வகுப்பைத் தேடி ஏறுவதற்குப் பதிலாக வகுப்பு அவன் இருக்கும் மட்டத்துக்கு இறங்கிவரும் இந்த ஏற்பாட்டில் உள்ளடக்கிய கல்வியின் முழு இலக்கணமும் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

போக்குவரத்து அடுத்த சிக்கல். பேருந்து நாளைக்கு ஓரிரு முறை மட்டுமே வரும் ஊர்களில், நடக்க முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவது தாயோ தந்தையோதான். கார்த்திகையிலிருந்து தை, மாசி வரை காப்பிப் பழம் பறிக்கும் பருவம். இருவருமே விடியற்காலையில் எஸ்டேட் வேலைக்குப் போய்விடுவார்கள். அந்த மாதங்களில் பிள்ளையின் வருகை சரிந்துவிடும். சமக்ர சிக்ஷாவில் பயணப்படி, துணையாளர் படி என்று இரண்டு இருக்கின்றன. பலருக்கு அவை இருப்பதே தெரியாது. பக்கத்து வீட்டுப் பாட்டியோ உறவினரோ துணையாளராக வரலாம் என்று சொல்லி, விண்ணப்பத்தை ஆவணியிலேயே அனுப்பி வைத்தால் கார்த்திகைக்குப் பயன்படும். ஊரின் வேலைக் காலம் தெரிந்த தலைமையாசிரியரால்தான் இப்படி முன்கூட்டித் திட்டமிட முடியும்.

மிகக் கடுமையான குறைபாடு உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்கும் வாய்ப்பைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அளிக்கிறது. சில குழந்தைகளுக்கு அது உண்மையாகவே தேவை. ஆனால் சாலை இல்லை, பேருந்து இல்லை, கழிப்பறை இல்லை என்பதற்காக ஒரு குழந்தையை வீட்டுவழிக் கல்விப் பட்டியலில் சேர்த்தால், பள்ளியின் குறையைக் குழந்தையின் கணக்கில் எழுதியதாகிவிடும். ஒருமுறை அந்தப் பட்டியலில் ஏறிய பெயர் எட்டாம் வகுப்பு வரை அதிலேயே தங்கிவிடுவது வழக்கம். ஒவ்வொரு ஜூன் மாதமும், இந்தக் குழந்தை வாரத்தில் ஒரு நாளாவது பள்ளிக்கு வர முடியுமா என்று பெற்றோரோடும் பயிற்றுநரோடும் உட்கார்ந்து கேட்டுப் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத தேவை

ஊன்றுகோலும் கேட்புக் கருவியும் எல்லாருடைய கண்ணிலும் படும். டிஸ்லெக்சியா அப்படிப் படுவதில்லை; ‘சோம்பேறி’, ‘கவனமே இல்லை’ என்ற பெயர்களில்தான் அது பள்ளிகளில் உலவுகிறது. தமிழ் எழுத்தமைப்பு இந்தக் குழந்தைகளுக்குத் தரும் தொல்லைகள் தனிவகை. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஒலியிலோ க் முன்னாலும் எ பின்னாலும் வருகின்றன. ‘கொ’ என்றால் கொம்பு ஒருபுறம், கால் மறுபுறம். கேட்ட வரிசையில் எழுத முயலும் குழந்தை இங்கே தடுமாறும். முதல் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித் தடுமாறுவார்கள். பெரும்பாலானோர் அதைத் தாண்டிவிடுவார்கள். மூன்றாம் வகுப்பு முடியும் தறுவாயிலும், பயிற்சி போதிய அளவு கொடுத்த பிறகும், ஒற்று விடுபடுவதும் குறில் நெடில் மாறுவதும் கொம்பு இடம் மாறுவதும் தொடர்ந்தால், அதை மட்டும் வைத்துக் குறைபாடு என்று முடிவுகட்டக் கூடாது என்றாலும், மதிப்பீட்டுக்கு அனுப்புவதற்கு அது போதுமான காரணம்.

தமிழ்நாட்டில் 2022 முதல் தொடக்க வகுப்புகளில் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைகளைப் பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. வகுப்பில் எல்லாரும் ஒரே நிலையில் இல்லை என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் இந்த முறை உள்ளடக்கிய கல்விக்கு நல்ல துணை. ஆண்டு முழுவதும் ஒரே குழந்தை அரும்பிலேயே இருந்தால், ஏன் என்று யாராவது கேட்க வேண்டும். தலைமையாசிரியர் மாதத்துக்கு ஒருமுறை நிலை மாறாத பிள்ளைகளின் கட்டுரை ஏட்டை மட்டும் வாங்கிப் புரட்டினால் போதும். பதிவேட்டில் எழுதிய ‘மெல்லக் கற்பவர்’ என்ற சொல்லைவிட அந்த ஏட்டின் இரண்டு பக்கங்கள் அதிகம் சொல்லும்.

தேர்ச்சி விகிதம் என்னும் நெருக்கடி

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பள்ளி நடத்துபவர்களுக்கு நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்ற தட்டியின் கவர்ச்சியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தத் தட்டிக்காக ஒன்பதாம் வகுப்பிலேயே மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பப்பட்ட பிள்ளைகளில் கண்டறியப்படாத கற்றல் குறைபாடு உள்ளவர்கள் எத்தனை பேரோ. அரசுப் பள்ளிகளுக்கும் இந்த நெருக்கடி உண்டு. தேர்வு முடிவு வந்த மறுநாள் ஆய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளி எதற்காகக் கணக்குக் கேட்கப்படுகிறதோ அதற்காகவே ஆசிரியர்கள் உழைப்பார்கள். இந்த அழுத்தத்தைத் தலைமையாசிரியர் ஒருவரால் ஒழிக்க முடியாது. அதை அப்படியே ஆசிரியர்களின் தலையில் இறக்கிவைக்காமல் இருக்க முடியும்.

பொதுத்தேர்வைப் பொறுத்தவரை நடைமுறையில் செய்ய வேண்டியது தெளிவானது. குறைபாட்டின் தன்மைக்கேற்பச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைத் தேர்வுத் துறை வழங்குகிறது. அவற்றுக்கு உரிய மருத்துவச் சான்றுடன் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பின் அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு பெற்றோரைக் கூப்பிட்டுச் சேலம் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சான்று வாங்கி வரச் சொல்வது மிகவும் காலம் கடந்த செயல். ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்திலேயே பட்டியல் தயாராக வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பள்ளித் தேர்வுகளிலேயே அந்தச் சலுகைகளைக் கொடுத்துப் பழக்க வேண்டும். சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவதற்கும் பயிற்சி தேவை. முதல்முறையாகப் பொதுத்தேர்வு அறையில் அறிமுகமில்லாத ஒருவருக்குக் கணக்கின் படிநிலைகளைச் சொல்லும் மாணவன், தெரிந்த கணக்கையும் தவறவிடுவான்.

பெற்றோரும் மற்ற பிள்ளைகளும்

கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். சிறப்புத் தேவை உள்ள குழந்தையின் தாய் அந்தக் குழுவில் இருந்தால், கழிப்பறைக் கதவின் அகலம் பற்றிய பேச்சு ஒவ்வொரு கூட்டத்திலும் தானாக வரும். அவரை அழைத்து உட்கார வைப்பது முதல் படி. அவர் பேசும்போது குறுக்கிடாமல் இருப்பது அடுத்த படி.

சேர்க்கை நாளன்று ‘ஏம்மா, இந்தப் புள்ளைய இங்க விட்டா யாரு பாத்துக்குவா?’ என்று கேட்கும் தலைமையாசிரியரிடம் கொடுமை எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. பெரும்பாலும் அது பயம். ஆனால் அதற்கு முன் வேறு பள்ளிகளிலும் அந்தத் தாயிடம் அதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். ‘இவன் வீட்டுல என்னென்ன தானா செய்வான், எதுக்குக் கை கொடுக்கணும்?’ என்று கேட்டால், அதே பயத்துக்கு விடையும் கிடைக்கும், அந்தக் குழந்தைக்கென்று தனியாக வகுக்கும் தனிநபர் கல்வித் திட்டம் எழுதுவதற்கான முதல் குறிப்பும் கிடைக்கும்.

மற்ற பெற்றோரிடமிருந்து முணுமுணுப்பு வரும்: ‘அந்தப் பையன் கத்துறான், எங்க புள்ளைக்குப் பாடம் கெட்டுப்போகுது.’ இதை வகுப்பாசிரியர் தனியாகச் சமாளிக்க விடக் கூடாது. ஆட்டிசம் உள்ள குழந்தை சத்தம் தாங்காமல் கத்துகிறது என்றால், மணி அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்பு அதை வெளியே அழைத்துப் போவது போன்ற சிறு ஏற்பாட்டில் பாதிச் சிக்கல் தீரும். மீதியைத் தலைமையாசிரியர் அந்தப் பெற்றோரிடம் தம் குரலில் பேச வேண்டும். அப்படிப் பேசிய பிறகுதான் ஆசிரியர்களுக்கும் துணிவு வருகிறது.

இரண்டு ஆசிரியர் பள்ளிகளும் பணிமாறுதலும்

இதுவரை சொன்னதைப் படிக்கும்போது மலையிலுள்ள ஓர் ஈராசிரியர் பள்ளித் தலைமையாசிரியருக்குச் சிரிப்பு வரலாம். அவர்தான் மூன்று வகுப்புகளுக்கு ஆசிரியர், எமிஸ் பதிவேற்றுபவர், காலை உணவைச் சரிபார்ப்பவர், கூட்டத்துக்கு இறங்கிப் போய் வருபவர். அத்தகைய பள்ளிகளைத் தனித்தனியாக வைத்து இந்தப் பொறுப்பைச் சுமத்துவது நியாயமில்லை. அருகருகே உள்ள நான்கைந்து பள்ளிகள் சேர்ந்து ஒரு தொகுப்பாக இயங்கி, சிறப்புப் பயிற்றுநர் வரும் நாள்களை ஒழுங்குபடுத்திக்கொள்வதும், பிரெய்ல் கருவி, படஅட்டைத் தொகுப்பு போன்ற உபகரணங்களைப் பகிர்ந்துகொள்வதும், ஓர் ஆசிரியர் ஆட்டிசம் பற்றியும் இன்னொருவர் கற்றல் குறைபாடு பற்றியும் பயிற்சி பெற்று மற்றவர்களுக்குச் சொல்லித் தருவதும் நடைமுறைக்கு ஏற்றவை. தலைமை என்பது ஒரு நாற்காலியில் மட்டும் இருக்க வேண்டியதில்லை; பகிர்ந்த தலைமை என்று ஆய்வாளர்கள் பேசுவது இதைத்தான்.

எந்தப் பள்ளியானாலும், பணிமாறுதல் கலந்தாய்வு முடிந்த பிறகு நல்ல ஏற்பாடுகள் காணாமல் போகும் வாய்ப்பு அதிகம். ஐந்து ஆண்டுகளாக ஒரு தலைமையாசிரியர் மனத்தில் வைத்திருந்த விவரங்கள் அவரோடு அடுத்த ஊருக்குப் போய்விடுகின்றன. புதிதாக வருபவர் அறைகளைத் தம் விருப்பப்படி மாற்றி அமைப்பார். மூளை முடக்குவாதம் உள்ள மாணவனின் வகுப்பு மீண்டும் மேல்மட்டத்துக்குப் போகும். ஏன் அவன் மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை என்பது யாருக்கும் புரியாது. இதைத் தவிர்க்க ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரே ஒரு பக்கம் எழுதி வைத்தால் போதும். எந்த அறை, ஏன் அந்த அறை. எதைத் தானாகச் செய்யும், எதற்கு உதவி தேவை. கருவியின் பேட்டரி எங்கே கிடைக்கும். பயிற்றுநர் எந்தக் கிழமை வருகிறார். சான்றிதழ் எப்போது புதுப்பிக்கப்பட வேண்டும். வகுப்பில் யாரோடு நன்றாகப் பழகுகிறது. எந்தப் படி விண்ணப்பம் எந்த மாதம் அனுப்பப்பட்டது. அந்தத் தாள்கள் சேர்ந்த கோப்பைப் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில், இருப்புப் பதிவேட்டுக்கும் சாவிக் கொத்துக்கும் அடுத்த வரியில் சேர்த்து, வருபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.